டார்ஜிலிங் மலையின் பழைய குடித்தனக்காரர்

ஏப்ரல் கடைசியில் கொல்கத்தாவின் புழுக்கம் ஆரம்பித்ததும் நம் சங்கத்துக் குடும்பங்களில் பாதிப் பேரை சியால்தா ஸ்டேஷனில் பார்க்கலாம். மூட்டை முடிச்சு, புளியோதரைப் பொட்டலம், தயிர்சாதத் தூக்கு, காதை மூடும் கம்பளிக் குல்லாய் சகிதம் டார்ஜிலிங் மெயிலுக்குக் காத்திருப்பார்கள். பத்து நாள் கழித்து லேக் மார்க்கெட்டில் முருங்கைக்காய் பொறுக்கும்போது அதே நபர்களைச் சந்தித்து, "என்ன சார் பார்த்தீர்கள்?" என்று கேட்டால் பதில் மனப்பாடமாக வரும். டைகர் ஹில்லில் சூரியோதயம் (மேகம் மறைத்துவிட்டது), மிருகக்காட்சிசாலையில் சிவப்புப் பாண்டா, பதாஸியா லூப்பில் போட்டோ, கடைத்தெருவில் தேயிலை. எல்லாம் நல்ல விஷயங்கள்தான். ஆனால் ஒருவராவது "சாலமாண்டர் பார்த்தோம்" என்று சொல்லி நான் இதுவரை கேட்டதில்லை.

குற்றம் அவர்கள் மேல் இல்லை. அப்படி ஒரு பிராணி அங்கே இருப்பதாக யாரும் அவர்களிடம் சொல்வதில்லை. டாக்ஸிக்காரர்கள் காட்டும் ஏழு இடம், ஒன்பது இடம் பட்டியலில் அது கிடையாது. பார்த்தாலும் நம்மவர்கள் "பல்லி" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அது பல்லி அல்ல, ஓணான் அல்ல, அரணையும் அல்ல. சொல்லப்போனால் தவளைக்கு ஒன்றுவிட்ட தம்பி.

ரயில்வேயில் நான் சிவில் பிரிவு ஆசாமி. டிப்ளமா முடித்துவிட்டு வேலைக்கு வந்தவன். தண்டவாளம், ஜல்லி, கல்வெர்ட், மழைநீர்க் கால்வாய் இவைதான் என் உலகம். தொண்ணூறுகளில் சில வருடங்கள் மலைப் பாதையில் போஸ்டிங் கிடைத்தது. 1881-ல் டார்ஜிலிங் வரை திறக்கப்பட்ட, வெறும் 2 அடி அகலமுள்ள அந்தப் பொம்மை ரயில் பாதையைப் பார்த்துக்கொள்வதில் முக்கால் பங்கு வேலை தண்ணீரோடு மல்லுக்கட்டுவதுதான். மலையில் தண்ணீர் எங்கே இறங்குகிறது, எங்கே தேங்குகிறது என்பது தெரியாவிட்டால் பாதை ஒரு மழைக்காலம் கூடத் தாங்காது. ஆகவே கேங்மேன்களுடன் சேர்ந்து ஒவ்வொரு ஊற்றையும், அங்கே 'ஜோரா' என்று சொல்லப்படும் ஒவ்வொரு ஓடையையும் நடந்தே பார்த்திருக்கிறேன்.

கூம் ஸ்டேஷனுக்குக் கீழே ஒரு மே மாதம். முதல் நாள் இரவு நல்ல மழை. சரிவுக்கு மேலே வெட்டியிருந்த கால்வாயில் இலைதழை அடைத்துக்கொண்டு, பக்கத்தில் முழங்கால் ஆழத்துக்கு ஒரு குட்டை உருவாகியிருந்தது. கேங்கின் மேட் ஒரு நேபாளி, எனக்குப் பதினைந்து வயது மூத்தவர். மண்வெட்டியை எடுத்த பையனைத் தடுத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "சாப், இங்கே வாருங்கள், சத்தம் போடாமல்." குனிந்து பார்த்தேன். தண்ணீருக்கடியில் ஒரு சாண் நீளத்துக்குக் கரும்பழுப்பு நிறத்தில் ஏதோ அசைந்தது. நாலு கால், தட்டையான வால், தவளை போல அகன்ற தலை. முதுகின் இரண்டு பக்கமும் வரிசையாக உருண்டை உருண்டையாகக் கொப்புளங்கள். நம் ஊர்ப் பாட்டிமார் வெயிலில் காயவைத்த சுண்டைக்காயை வரிசையாக ஒட்டிவைத்ததுபோல் இருந்தது.

"மழைக்கு முன்னால் வருவார்கள், மழை முடிந்ததும் போய்விடுவார்கள். இவர்கள் வந்த தண்ணீரை என் அப்பா குடிப்பார்" என்றார் மேட். பிராணியைப் பற்றி அவர் 'அவர்கள்' என்று மரியாதையாகப் பேசியது எனக்குப் பிடித்தது. கால்வாயைச் சுத்தம் செய்தோம். குட்டையை அப்படியே விட்டோம்.

பிறகு படித்தும் விசாரித்தும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

நீரிலும் நிலத்திலும் வாழும் பிராணிகளை இருவாழ்விகள் என்கிறார்கள். அவற்றில் மூன்று குலங்கள். வாலில்லாத தவளை, தேரை ஒரு குலம். வாலுள்ள சாலமாண்டர் இரண்டாவது குலம். அதில் தண்ணீரில் அதிக நாள் கழிக்கும் சில வகைகளுக்கு நியூட் என்று பெயர். காலே இல்லாமல் மண்ணுக்குள் புழுபோல் வாழும் சிசிலியன் மூன்றாவது. உலகில் சாலமாண்டர் இனங்கள் ஏறக்குறைய 800 இருக்கின்றன. பெரும்பாலும் குளிர்ந்த வட தேசங்களில்தான்: அமெரிக்கா, ஐரோப்பா, சீனா, ஜப்பான். சீனத்தில் ஆளுயரத்துக்கு வளரும் ராட்சத சாலமாண்டரும் உண்டு.

தமிழ்நாட்டிலோ கேரளத்திலோ ஒரு சாலமாண்டர் கூடக் கிடையாது. ஆனால் மூன்றாவது குலமான சிசிலியன் நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் நிறைய உண்டு. தோட்டத்தில் மண்ணைக் கொத்தும்போது வெளியே வந்தால் பாம்புக்குட்டி என்று நினைத்து நம்மவர்கள் அடித்துவிடுவார்கள். இந்த வித்தியாசத்துக்குப் பின்னால் ஒரு பெரிய கதை இருக்கிறது. பல கோடி வருடங்களுக்கு முன் இந்தியா தென்கண்டத்தோடு ஒட்டியிருந்தது. பிறகு தனியே பிரிந்து வடக்கே மிதந்துவந்து ஆசியாவோடு மோதியது. அந்த மோதலில் எழுந்ததுதான் இமயமலை. சிசிலியன்கள் அந்தப் பயணத்தில் நம்மோடு வந்த தெற்கத்திக்காரர்கள். சாலமாண்டர்கள் ஏற்கெனவே வடக்கே குடியிருந்தவர்கள். மலை எழுந்த பிறகு அதன் கிழக்குச் சரிவுகளுக்கு வந்து தங்கிவிட்டார்கள், தெற்கே இறங்கவில்லை. கங்கைச் சமவெளியின் சூட்டைத் தாண்ட அவர்களால் முடியாது.

நம் டார்ஜிலிங் ஆசாமியின் வாழ்க்கை வருடக் கணக்குப்படி நடக்கிறது. நவம்பரிலிருந்து மார்ச் வரை குளிர். அப்போது கல்லுக்கடியிலோ, உளுத்த மரத்துக்கடியிலோ, வேர்களுக்கிடையிலுள்ள பொந்திலோ அசையாமல் கிடக்கும். ஏப்ரல், மே மாதங்களில் முன்மழை விழுந்ததும் இரவோடு இரவாகக் குளத்தை நோக்கி நடக்கும். தவளை போலத் தாவத் தெரியாது. கத்தவும் தெரியாது. ஆகவே துணை தேடும் விவகாரமெல்லாம் மௌன நாடகம்தான். ஆண் தன் பொதியைக் கீழே வைக்க, பெண் வந்து அதை எடுத்துக்கொள்ளும். பிறகு நீர்ச்செடிகளின் இலையிலும் தண்டிலும் முட்டைகளை ஒட்டவைக்கும்.

முட்டையிலிருந்து வரும் குஞ்சு பார்க்கத் தலைப்பிரட்டை மாதிரி இருந்தாலும், கழுத்தின் இரண்டு பக்கமும் இறகு போலச் செவுள்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இன்னொரு வேடிக்கை: தவளைக் குஞ்சுக்கு முதலில் வெளியே தெரிவது பின்னங்கால். சாலமாண்டர் குஞ்சுக்கு முதலில் முன்னங்கால் வரும். தவளைக் குஞ்சு பெரும்பாலும் பாசி தின்னும் சைவம். சாலமாண்டர் குஞ்சு பிறந்த நாள் முதல் பூச்சி தின்னும் அசைவம். மழைக்காலம் ஓய்வதற்குள் செவுள்கள் சுருங்கி மறைய, நுரையீரலும் தோலும் மூச்சுவிடும் வேலையை எடுத்துக்கொள்ள, கரையேறிவிட வேண்டும். செப்டம்பர், அக்டோபரில் பெரியவர்களும் குளத்தை விட்டுப் பிரிவார்கள்.

ஆகவே இந்தப் பிராணிக்கு ஒன்றல்ல, இரண்டு வீடு வேண்டும். குளம் ஒரு வீடு. குளத்தைச் சுற்றியுள்ள காடு, புதர், கல்லடுக்கு இன்னொரு வீடு. இரண்டுக்கும் நடுவே நடந்துபோக வழியும் வேண்டும். இதில் எது குறைந்தாலும் கதை முடிந்தது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சாலமாண்டர்களில் சில இனங்களுக்குத் தான் பழகிய தண்ணீருக்கே திரும்பிப் போகும் வழக்கம் உண்டு. கலிபோர்னியாவில் விக்டர் ட்விட்டி என்ற விஞ்ஞானி அங்குள்ள நியூட்களைப் பிடித்து, அடையாளம் வைத்து, மலைக்கு அப்பாலுள்ள வேறு ஓடையில் கொண்டுபோய் விட்டார். அவற்றில் பல, காலப்போக்கில் மலையேறி இறங்கிப் பழைய ஓடைக்கே வந்து சேர்ந்தன. வழியில் நல்ல தண்ணீர் இருந்தாலும் தங்கவில்லை. வருடத்துக்கொரு முறை கோரமண்டலில் இரண்டு நாள் உட்கார்ந்து, குலதெய்வம் கோயிலில் பொங்கல் வைத்துவிட்டு வரும் நமக்கு இது புரியாத விஷயமா என்ன?

சாலமாண்டரைப் பற்றி மேல்நாட்டில் ஒரு பழைய நம்பிக்கை, அது நெருப்பில் வாழும் என்று. காரணம் லேசானது. குளிர்காலத்தில் உளுத்த கட்டைக்குள் தூங்கும் பிராணியைக் கட்டையோடு அடுப்பில் போட்டால், சூடு பட்டதும் உள்ளிருந்து ஓடிவரும். பார்த்தவர்கள் நெருப்பிலிருந்து பிறந்தது என்று எழுதிவைத்துவிட்டார்கள். உண்மையில் நெருப்பு அல்ல, வெயில் கூட அதற்கு ஆகாது. தோல் காய்ந்தால் மூச்சு முட்டும்.

ஆனால் கட்டுக்கதையைவிட ஆச்சரியமான உண்மை ஒன்று உண்டு. வால் போனால் பல்லிக்கும் முளைக்கும். சாலமாண்டருக்குக் கால் போனாலும் முளைக்கும்; எலும்பு, தசை, நரம்பு, விரல் உட்பட முழுக் காலும் வளரும். இத்தாலியின் ஸ்பல்லன்ஸானி 1768-லேயே இதைச் சோதித்து எழுதியிருக்கிறார். இரண்டரை நூற்றாண்டு ஆகியும், மனிதனுக்கு ஏன் அது முடியவில்லை என்று ஆராய்ச்சிக் கூடங்களில் இன்றும் இதை வைத்துத்தான் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

நம் கொல்கத்தாவுக்கும் இந்தப் பிராணிக்கும் நேரடியான உறவு உண்டு. சௌரங்கியில் உள்ள இந்தியன் மியூசியத்தின் முதல் தலைவராக இருந்தவர் ஜான் ஆண்டர்சன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர். 1868-ல் பர்மா வழியாகச் சீனத்தின் மேற்கு யுன்னானுக்குச் சென்ற குழுவில் விலங்கியல் நிபுணராகப் போனார். அங்கே கிடைத்த கொப்புள முதுகுச் சாலமாண்டருக்கு 1871-ல் டைலோடோட்ரைட்டன் வெருகோசஸ் என்று பெயர் வைத்தார். கொப்புளமும் மருவும் உள்ள நியூட் என்று அர்த்தம் சொல்லலாம். டார்ஜிலிங்கில் இருப்பதும் அதுவே என்று நூறு வருடத்துக்கும் மேல் எல்லாரும் எழுதி வந்தார்கள். நானும் போஸ்டிங்கில் இருந்த காலத்தில் அப்படித்தான் படித்தேன்.

2015-ல் அந்தக் கணக்கு மாறியது. கிழக்கு நேபாளத்தின் இலாம் மாவட்டத்தில் பிடித்தவற்றை அளந்தும், மரபணுவை ஒப்பிட்டும் பார்த்த நேபாள, சீன, இந்திய விஞ்ஞானிகள், இது யுன்னான் இனம் அல்ல, தனி இனம் என்று அறிவித்தார்கள். டைலோடோட்ரைட்டன் ஹிமாலயானஸ் என்பது புதுப் பெயர். இலாம் என்பது எல்லைக்கு அந்தப் பக்கம், டார்ஜிலிங்கிலிருந்து கூப்பிடு தூரம். டார்ஜிலிங் மலையில் இருப்பதும் இந்த இனம்தான். அண்மையில் மணிப்பூரின் ஸைமெங் ஏரிப் பகுதியிலிருந்தும் வேறொரு புது இனத்தை விவரித்திருக்கிறார்கள்.

பெயர் மாறினால் என்ன வந்தது என்று கேட்கலாம். ரொம்ப வந்தது. யுன்னான் முதல் நேபாளம் வரை பரவிய இனம் என்றால் ஒரு குளம் போனால் இன்னொன்று இருக்கிறது என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். கிழக்கு நேபாளமும் டார்ஜிலிங் மலையும் சேர்ந்த ஒரு சின்ன வட்டாரத்தில் மட்டும் இருக்கிற இனம் என்றால், ஒவ்வொரு குளமும் கணக்கில் வருகிறது.

அந்த வட்டாரத்துக் குளங்களைப் பற்றி ஊர்ப் பெயர்களே சொல்லும். 'போக்ரி' என்றால் குளம். ஜோர்போக்ரி என்றால் இரட்டைக் குளம். சுகியாபோக்ரி என்றால் காய்ந்த குளம். போக்ரியாபோங் என்று இன்னோர் ஊர். நம் ஊரில் ஏரிக்கரைத் தெரு, குளக்கரைச் சந்து என்று பெயர் இருக்கும், ஏரியும் குளமும் இருக்காது. அதுபோல இங்கும் ஆகிக்கொண்டிருக்கிறது. சதுப்பு நிலத்தில் 1960-களில் கங்கை வண்டலை நிரப்பிக் கட்டிய சால்ட் லேக்கில் குடியிருக்கும் அன்பர்கள் என்னைக் கோபிக்க வேண்டாம்.

ஜோர்போக்ரியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கூமிலிருந்து மேற்கே சுகியாபோக்ரி போகும் வழியில், 7,000 அடிக்கு மேல், பைன் மரங்களுக்கு நடுவே இரண்டு குளங்கள். 1985-ல் சாலமாண்டருக்காகவே அதைச் சரணாலயமாக அறிவித்தார்கள். பரப்பளவு 0.04 சதுர கிலோமீட்டர், அதாவது 10 ஏக்கர். நாட்டிலேயே ஒரு சாலமாண்டருக்காகச் சரணாலயம் வைப்பது சாதாரணக் காரியமல்ல. செய்தவர்களைப் பாராட்ட வேண்டும். ஆனால் அதே இடத்தில் சுற்றுலா விடுதியும் வந்தது. விடுதி வந்தால் தோட்டம் வேண்டும், குளத்துக்குக் கரை வேண்டும், நடுவில் பொம்மை வேண்டும், நீந்துவதற்கு வாத்து வேண்டும். இன்று அங்கே போனால் குளத்தில் படமெடுத்து நிற்கும் பெரிய பாம்புச் சிலை இருக்கிறது. வாத்து இருக்கிறது. கஞ்சன்ஜங்கா தெரிகிறது. யாருக்காக அந்த இடத்துக்குச் சரணாலயம் என்று பெயர் வைத்தார்களோ அவரைத்தான் காண முடிவதில்லை.

இதற்குக் கெட்ட எண்ணம் எதுவும் காரணம் என்று நான் நினைக்கவில்லை. சுத்தமாக இருந்தால் நல்லது என்ற எண்ணம்தான். என் தொழிலைச் சேர்ந்தவர்களுக்கு மண் கரையைப் பார்த்தால் கை அரிக்கும். கல்லடுக்கி, காரை பூசி, மட்டம் பார்த்தால்தான் வேலை முடிந்ததாகத் திருப்தி. ஆனால் செங்குத்தாகச் சிமென்ட் பூசிய கரையில் சாலமாண்டரால் இறங்க முடிந்தாலும் ஏற முடியாது. குஞ்சுகள் கரையேற வேண்டிய மாதத்தில் சுற்றிச் சுற்றி வந்து சாகும். களையென்று பிடுங்கிப் போடும் நீர்ச்செடியில்தான் முட்டை இருக்கிறது. அழகுக்காக விடும் மீன், முட்டையையும் குஞ்சையும் பொறுக்கித் தின்றுவிடும். காய்ந்த இலையைப் பெருக்கி எரித்தால் குளிர்காலத்து வீடு போயிற்று. நான் முன்பு சொன்ன இரண்டு வீடும் நடுவழியும் ஒரே வருடத்து 'அழகுபடுத்தும்' பட்ஜெட்டில் காலி.

செய்ய முடியாத காரியமா என்றால் இல்லை. ஒரு சின்ன உதாரணம். என் பிரிவில் ஒரு ஊற்றுக்குட்டை இருந்தது. பழைய நாளில் இஞ்சினுக்குத் தண்ணீர் எடுத்த இடம். கரை அரித்துப் பாதைப் பக்கம் கசிவு வந்ததால் நாலு பக்கமும் காரைக்கட்டு என்று எஸ்டிமேட் போடச் சொன்னார்கள். மேட் என்னிடம் வந்து, "சாப், ரயில் பக்கம் கட்டுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. மலைப் பக்கத்தை விட்டுவிடுங்கள். அவர்கள் அந்தப் பக்கமாகத்தான் வருகிறார்கள்" என்றார். கசிவு ரயில் பக்கம்தான். மலைப் பக்கம் கட்டினால் ஊற்று உள்ளே வருவதே தடைப்படும். ஆகவே இன்ஜினியரிங் கணக்குப்படியும் அவர் சொன்னது சரி. மூன்று பக்கம் காரைக்கட்டும், மலைப் பக்கம் காரையில்லாமல் சரிவாக அடுக்கிய கல்லும் என்று வரைந்து அனுப்பினேன். செலவும் குறைந்தது. மேலதிகாரி ஏன் என்று கேட்கவில்லை. செலவு குறைந்தால் யாரும் கேட்பதில்லை.

அடுத்த வருடம் ஜூனில் ஒரு ராத்திரி, மேட் டார்ச்சோடு என் குவார்ட்டர்ஸுக்கு வந்து கூட்டிக்கொண்டு போனார். எண்ணிப் பார்த்தோம், பதினொன்று. என் மனைவி குடை பிடித்தபடி, "இதற்காகவா இந்த மழையில் என்னையும் எழுப்பினீர்கள்?" என்று கேட்டுவிட்டு, பன்னிரண்டாவதை அவளே கண்டுபிடித்தாள்.

2019-ல் ஓய்வு பெற்ற பிறகு அந்த மலைக்கு ஒரு முறை போனேன். மேட் காலமாகிவிட்டார், அவர் மகன் டாக்ஸி ஓட்டுகிறார். அவர் வண்டியில்தான் போனோம். குட்டையின் நாலாவது பக்கமும் இப்போது சிமென்ட். சுற்றிலும் பச்சை வர்ணம் அடித்த கம்பி வேலி, உட்கார இரண்டு பெஞ்சு. யார் செய்தார்கள் என்று விசாரித்தேன். இவர்கள் அவர்களைச் சொல்கிறார்கள், அவர்கள் வேறு யாரையோ சொல்கிறார்கள். தண்ணீர் இருந்தது. மே மாதம்தான், முதல் நாள் மழையும் பெய்திருந்தது. ஒரு மணி நேரம் நின்று பார்த்துவிட்டு வந்தோம். "அப்பா இருந்தால் சண்டை போட்டிருப்பார்" என்றார் பையன். அவ்வளவுதான் பேசினோம்.

சிமென்ட் மட்டும் எதிரி அல்ல. தேயிலைத் தோட்டங்களின் குட்டைகளிலும் இவை வாழ்கின்றன. அங்கே பூச்சிமருந்து தண்ணீரில் கலக்கிறது. சாலை அகலமாகும்போது மழையிரவில் குளத்துக்கு நடந்துபோகும் பிராணிகள் சக்கரத்தில் அடிபடுகின்றன. ஊற்றுகளும் முன்போல் இல்லை. மலையில் குழாய்த் தண்ணீருக்குத் திண்டாட்டம். ஒவ்வொரு ஜோராவிலும் பத்து இருபது கறுப்புக் குழாய் செருகியிருப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். ஹோட்டலில் நமக்குக் கிடைக்கும் ஒரு பக்கெட் வெந்நீரும் அப்படி வருவதுதான்.

இதற்கெல்லாம் மேல் ஒரு வியாதி பயம். சாலமாண்டரின் தோலைத் தின்னும் ஒரு பூஞ்சணத்தை 2013-ல் அடையாளம் கண்டார்கள். நெதர்லாந்துக் காடுகளில் மஞ்சளும் கறுப்புமான நெருப்புச் சாலமாண்டர்கள் சில வருடங்களில் ஏறக்குறைய துடைத்தெடுத்தாற்போல் போனதற்கு அதுவே காரணம். பூஞ்சணத்தின் பூர்வீகம் ஆசியா. இங்குள்ள பல இனங்கள் அதனோடு பழகிவிட்டன. கண்ணாடித் தொட்டியில் வளர்க்க ஆசியாவிலிருந்து பிடித்துப்போன செல்லப் பிராணிகள் மூலம்தான் அது ஐரோப்பா போயிருக்க வேண்டும் என்கிறார்கள். 2019-ல் இந்தக் கொப்புளச் சாலமாண்டர் வகை முழுவதையும் சர்வதேச வாணிபக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தார்கள். நம் நாட்டிலும் இதைப் பிடிப்பதும் விற்பதும் வனவிலங்குச் சட்டப்படி குற்றம். யாராவது கடைத்தெருவில் பாட்டிலில் வைத்து நீட்டினால் குழந்தைகள் கேட்கிறார்களே என்று வாங்கிவிடாதீர்கள்.

நம்பிக்கையான விஷயங்களும் உண்டு. சிவப்புப் பாண்டாவை இனவிருத்தி செய்து பெயர் வாங்கிய டார்ஜிலிங் பத்மஜா நாயுடு மிருகக்காட்சிசாலை, இந்தச் சாலமாண்டருக்கும் தனியாக இனவிருத்தித் திட்டம் வைத்திருக்கிறது. குட்டி போட்டுப் பெருகினால் மட்டும் போதாது, கொண்டுபோய் விடக் குளம் வேண்டும் என்பது அவர்களுக்கும் தெரியும்.

அப்படி மிஞ்சியிருக்கும் குளங்களில் முக்கியமானது நாம்திங் போக்ரி. கர்சியாங் வனப் பிரிவில், லாட்பஞ்சர் பக்கம் ஷெல்பு மலையில் இருக்கிறது. குளிர்காலத்தில் போனால் ஏமாந்துவிடுவீர்கள். ஏரி வற்றி வெறும் புல்வெளியாக இருக்கும், மாடு மேயும். மழை பெய்ததும் நிரம்பும். வற்றுவது குறை அல்ல, ஒரு விதத்தில் வசதி: வற்றுகிற ஏரியில் பெரிய மீன் நிலைக்காது, சாலமாண்டர் குஞ்சுக்கு ஆபத்து குறைவு. வருடம் பூராவும் தண்ணீர் நிற்க வேண்டும், படகு விட வேண்டும் என்று யாராவது ஆழப்படுத்திக் கரை கட்டினால்தான் கஷ்டம். வற்றும் காலம் அளவுக்கு மீறி நீண்டாலும் கஷ்டம். அந்த அளவு இயற்கைக்குத் தெரியும். எஸ்டிமேட்டில் எழுத முடியாது.

பார்க்க விரும்பும் அன்பர்களுக்குச் சில குறிப்புகள். சிலிகுரியிலிருந்து சேவோக், காளிஜோரா வழியாக லாட்பஞ்சர் போகலாம். சின்கோனாத் தோட்டம் உள்ள ஊர். இருவாச்சிப் பறவை பார்க்க வருகிறவர்களுக்காக வீடுகளில் தங்கும் வசதி செய்திருக்கிறார்கள். பள்ளி விடுமுறையான மே மாதத்தில் முன்மழை பெய்திருந்தால் அதிர்ஷ்டம். ஜூன், ஜூலையில் வாய்ப்பு அதிகம், ஆனால் மண்சரிவால் பாதை அடைபடும் காலமும் அதுவே. கிளம்புமுன் போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள். உள்ளூர்ப் பையன் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்வது அவசியம். அவருக்கு நாலு காசு கிடைத்தால்தான் ஏரி அப்படியே இருப்பதில் அந்த ஊருக்கும் லாபம். பார்ப்பதோடு சரி, கையில் எடுக்க வேண்டாம். அது கடிக்காது, ஆனால் அதன் தோலில் கசியும் திரவம் நமக்கு நல்லதல்ல, நம் கையிலுள்ள உப்பும் சோப்பும் அதற்கு நல்லதல்ல. ஒரு குளத்தில் நனைந்த செருப்போடு இன்னொரு குளத்தில் இறங்க வேண்டாம், பூஞ்சணம் அப்படியும் பரவும். கரையில் உள்ள கல்லைப் புரட்டினால் மறுபடி அதே மாதிரி வைத்துவிடுங்கள்; அடியில் யாராவது குடியிருப்பார்கள்.

குழந்தைகளுக்கு முழுக்கால் சட்டை போட்டு அழைத்துச் செல்லுங்கள். அட்டை நிறைய. ஒரு பொட்டலம் உப்பு கையில் இருக்கட்டும், ஆனால் அட்டையைத் தட்டிவிட மட்டும், தண்ணீரில் போட்டுவிடாதீர்கள்.